எஃப் மூன்று

துவைக்கத் தொடங்கிய பதினோராம் நிமிடத்தில்
மூன்று முறை கூவிவிட்டு நின்றது.
கண்ணாடிக்குப் பின்னால்
நீலோவின் ஹாக்கிச் சட்டைகள்
நுரையோடு ஒருக்களித்துக் கிடந்தன.
சின்னத் திரையில் சிவப்பாக: எஃப் மூன்று.

கையேட்டைத் தேடினால்
சமையலறை மேசையின் ஆடும் காலுக்கு
எப்போதோ முட்டுக் கொடுத்திருந்தோம்.
உருவி, தூசி தட்டி, எழுபத்திரண்டாம் பக்கம்:
வெப்ப உணரி. சேவை மையத்தை அழைக்கவும்.

அழைத்தேன்.
வந்து மணி அடிப்பதற்கே நூற்றுப் பத்து யூரோ,
அதுவும் பிப்ரவரி ஒன்பதாம் தேதி என்றாள் ஒருத்தி.
அதுவரை இந்த வாடையோடு
யார் குடித்தனம் நடத்துவது?

தௌனோ
பனிக்கட்டி உடைக்கும் கப்பலில் சமையல்காரன்.
வளைகுடாவின் நடுவிலிருந்து ஒரே ஒரு வரி அனுப்பினான்:
"உணரியை மாற்று, வேறென்ன."
அதன்பின் மூன்று நாளாக ஒன்றுமில்லை.
கடலில் இருப்பவர்களுக்கு எல்லாம் எளிது.

புதிய உணரி பத்தொன்பது யூரோ.
சுண்டுவிரல் நீளம், இரண்டு கால்.
மின்செருகியைப் பிடுங்கிவிட்டு
இயந்திரத்தின் முதுகைத் திறந்து,
பழையதை இழுத்தெறிந்து, புதியதைச் செருகி,
மறுபடி மூடி, எட்டுத் திருகாணி
(ஒன்று மிச்சம்).
பதினோராம் நிமிடம்.
மூன்று கூவல்.
எஃப் மூன்று.

விட்டேனா?
மேல்மாடி ரைமோ லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
மல்டிமீட்டரைத் தந்தான், அறிவுரை தரவில்லை.
அதற்காகவே அவனுக்கு
ஒரு கம்பு ரொட்டி சுட்டுக் கொடுக்கலாம்.

குப்பைக்கூடையிலிருந்து பழைய உணரியை எடுத்து
நாடி பிடித்துப் பார்த்தேன்.
அறைச் சூட்டில் ஐயாயிரத்துச் சொச்சம் ஓம்.
காப்பிக் கோப்பையில் தலையை முக்கினேன்:
நான்காயிரம், இரண்டாயிரம்,
ஆயிரத்து முன்னூறில் வந்து மூச்சு வாங்கியது.
பால்கனிக் கம்பியில் குவிந்த பனிக்குள் செருகினேன்:
பத்தாயிரம், பதினெட்டு, இருபத்தாறு.
சூடேறினால் வழிவிடுகிறது,
குளிர்ந்தால் இறுகிக்கொள்கிறது,
எங்கள் கெமி ஊர்க்காரர்களைப் போல.
இதுவரை அது
ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.
குற்றமில்லாதவனை
வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

அப்படியானால் யார்?

தொட்டியின் அடியிலிருந்து
மேலே மின்பலகைவரை ஏறும்
சாம்பல் நிற இரட்டைக் கம்பி.
உறை முழுசாக, வழவழவென்று.
சிவப்பு ஊசி ஒரு முனையில், கறுப்பு மறுமுனையில்.
மீட்டரில் எண்ணே வரவில்லை,
எல்லை தாண்டியது என்று இரண்டு எழுத்து மட்டும்.

இப்போதுதான் புரிந்தது.
பதில் வராத அந்த மௌனத்தை
இயந்திரம் குளிர் என்று படித்திருக்கிறது,
எந்தத் துருவத்திலும் இல்லாத குளிர்.
அப்படியொரு தண்ணீர் இருக்கவே முடியாது என்று
கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.
இத்தனைக்கும்
கீழே தண்ணீர் சும்மா
பதினெட்டு டிகிரியில் சலசலத்துக்கொண்டிருந்தது.

கம்பியை விரலால் நீவிக்கொண்டே போனேன்.
கவ்வி பிடித்த வளைவில்,
ஒவ்வொரு சுழற்சிக்கும் தொட்டி இழுத்து ஆட்டுமிடத்தில்
சட்டென்று மெத்தென்றது.
உறைக்குள்ளே செம்பு
எப்போதோ அறுந்திருக்கிறது.
வெளியே ஒரு கீறல் இல்லை.

வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து,
சுருங்கும் குழாயைப் போட்டு
நீலோவின் தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டினேன்.
ரைமோவின் மீட்டர் இப்போது பேசியது:
ஐயாயிரத்து எழுநூறு.

தௌனோவுக்குக் கோபம் என்று
திங்கட்கிழமையே முடிவு கட்டியிருந்தேன்.
வராத பதிலுக்குப் பதிலாகக் காரசாரமாக
ஒரு செய்திகூட எழுதி வைத்திருந்தேன்.
கை துடைத்துவிட்டு
அதை அழித்தேன்.
அறுபது டிகிரி, பருத்தி, தொடங்கு.

பதினோராம் நிமிடம்
அது பாட்டுக்குக் கடந்து போனது.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி
தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
பதினேழில்
வெதுவெதுப்பு.

மிச்சமான திருகாணி
எந்த ஓட்டையுடையது என்று
இன்னும் தெரியவில்லை.