கட்டாயப் புலம்

குளோட்டனில் நள்ளிரவுக்குப் பின் விமானங்கள் இல்லை.
ஓடுபாதை உறங்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள்
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பக்கங்களைப்
பழைய தளத்திலிருந்து புதியதற்குக் கொண்டுபோக வேண்டும்.
வாகன நிறுத்தக் கட்டணம், பூனைக் கூண்டின் அளவு,
தொழுகை அறை, தொலைந்த குடைகள்,
என்றோ பெய்த பனிக்கு
இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் அறிவிப்பு.

போயான் நிரலை ஓட்டினான்.
முதல் ஓட்டத்தில் சூரிச்சின் தலையிலிருந்த இரண்டு புள்ளிகள் உதிர்ந்து
ஊர் கேள்விக்குறியானது.
இரண்டாம் ஓட்டத்தில் புள்ளிகள் திரும்பின,
ஜெனீவா இருமுறை வந்தது.
ரெகுலா பீட்சாப் பெட்டியின் மூடியில்
பிழைகளை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள்.

தரவை இடும் ஒவ்வொரு கட்டத்துக்கும்
எங்கள் மொழியில் புலம் என்று பெயர்.
தலைப்புப் புலம். தேதிப் புலம்.
ஒரு புலத்திலிருந்து பெயர்த்து இன்னொன்றில் நடுவது,
அதற்கு நாங்கள் என்ன சொல்வோம் என்று
இவர்கள் இருவருக்கும் விளக்கத் தொடங்கி
விட்டுவிட்டேன். மணி இரண்டேகால்.

அப்போதுதான் சிவப்பில் ஒரு வரி:
சிதைந்த உள்ளடக்கம். உரிமையாளர் இல்லை. அழிக்கவா?
திறந்தால்
tzf;fk; என்று தொடங்கி
அரைப்புள்ளிகள் இறைந்த ஒரு பக்கம்,
கூண்டிலிருந்து தப்பிய பூனை
விசைப்பலகையில் நடந்ததுபோல.
குப்பை, என்றான் போயான்.

கண்ணுக்குக் குப்பைதான்.
விரல்கள் நின்றுவிட்டன.
சனிக்கிழமைப் பள்ளியின் ஆண்டு மலருக்கும்
யார் யார் வீட்டுச் சாமத்திய வீட்டு அழைப்பிதழ்களுக்கும்
பாமினியில் தட்டிய விரல்கள்.
f என்றால் க. k என்றால் ம.
அரைப்புள்ளி வந்தால் முன்னெழுத்தின் தலையில் புள்ளி.
வெறும் மேசைமீது தட்டிப் பார்த்தேன்:
வணக்கம்.

யார் எழுதியது, எந்த ஆண்டு, பதிவில்லை.
பதினொரு வரிகள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.
கழிப்பறைக்குப் போக ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.
சீருடை போட்ட எல்லோரும் பொலிஸ் இல்லை.
பொலிஸும் அடிக்காது.
உங்கள் பெயரை ஆறுதலாகச் சொல்லுங்கள்.
பிழையாக எழுதினால் அந்த இடத்திலேயே திருத்துங்கள்,
பிறகு திருத்துவது கஷ்டம்.

இப்படியே கடைசி வரை.
போன வருடம் இதைத் திறந்தவர்கள்: மூன்று.
தேடுபொறியின் இயந்திரமாக இருக்கும், என்றான்.
இருக்கலாம்.

புதிய தளத்தில் சில புலங்கள் கட்டாயம்.
மொழி: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம், மற்றவை.
மற்றவை.
படம்: ஒன்று வேண்டுமாம். கேட்டதும் ரெகுலா
எதற்கென்று கேளாமல் சமையலறைக் குழாயைப் படமெடுத்து அனுப்பினாள்.
உரிமையாளர்: வெற்றாக விட்டால்
சேமிக்கும் பொத்தானுக்கு உயிர் வராது.
என் பெயரை இட்டேன்.
ஊழியர் பட்டியலில் உள்ளபடி, ஓர் எழுத்துப் பிழையோடு.
அந்தப் பிழையோடுதான் அதற்கு என்னைத் தெரியும்.

பதினொரு வரிகளையும் ஒருங்குறியில் புதிதாகத் தட்டினேன்.
பன்னிரண்டாவது ஒன்று சேர்க்கத் தோன்றியது.
சேர்க்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்குப் பழைய வாசலை அடைத்து
வருவோரைப் புதியதற்குத் திருப்பிவிட்டோம்.
கொஞ்ச நேரத்தில் முதல் விமானம் இறங்கும் சத்தம்.
யாரும் எதையும் கவனிக்கவில்லை.
இந்த வேலையில் வெற்றி என்பது அவ்வளவுதான்.

கடைசிச் சரிபார்ப்பில் ரெகுலா அந்தப் பக்கத்தில் நின்றாள்.
முதலில் எழுத்துகளாவது தெரிந்தன,
இப்போது எல்லாம் வட்டம் வட்டமாக வருகிறதே,
இன்னும் உடைந்துதான் இருக்கிறதா?

இல்லை, சரியாகிவிட்டது, என்றேன்.

மூடியில் அந்த வரியைத் தேடி
அடித்தாள்.