ஒரு சொல் மட்டும் எழுதிய தாள்

அம்பாறையிலிருந்து வந்த உத்தியோகத்தர்
சங்கக் கட்டடச் சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டினார்.
மூன்று நிறத்தில் பேனை தந்தார்.
"பத்து வருசத்தில இந்தப் பதினேழாம் வாய்க்கால்
எங்க நிக்க வேணும்? ஒரே வசனம்.
எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க.
செயலாளர் எழுதுவா."

செயலாளர் நான்.
நீலத்தை எடுத்து
நாங்கள் என்று எழுதினேன்.
அதற்குப் பிறகு இரண்டரை மணித்தியாலம்
பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

ஆதம்பாவா காக்காவுக்குச் சொந்த ஆலை வேணும்,
நெல்லை ஈரத்தோடு விற்றது போதும்.
தெய்வேந்திராவுக்கு அதற்கு முதல் கடனில்லாத உரம்.
நபீலா வெட்டு மெசின் கேட்டாள்:
"நாம ஏக்கருக்குக் குடுக்கிற காசில
அவன்ட வீடு மேல்மாடியாகுது."
பின் வாங்கில் இருந்தவர்
யானை வேலி, யானை வேலி என்று
மூன்று தரம் சொல்லிவிட்டு இருந்தார்.

யாருடைய கனவிலும் பிழையில்லை.
ஒவ்வொன்றும் அவரவர் வரம்பு வரைக்கும் வந்து
காலைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனது.

கோமளேஸ்வரி எழும்பினாள்.
வாய்க்கால் முடிகிற இடத்தில் அவளுக்கு
ஒன்றரை ஏக்கர்.
"அந்த முதல் சொல்லை வாசியுங்க கா."
வாசித்தேன்.
"போன சிறுபோகம் என்ட வயலுக்குத் தண்ணி வந்தது
பத்தொன்பதாம் நாள்.
அந்தச் சொல்லுக்குள்ள
நான் எத்தனையாம் நாள் வருவன்?"

மின்விசிறி சுற்றியது.
பால்தேத்தண்ணி ஆடை கட்டியது.
வட்டவிதானை கொப்பியை விரித்தார், மூடினார்.

பள்ளியில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது:
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
சேர்க்காவிட்டால் நாங்கள்.
இலக்கணத்துக்கு என்ன தெரியும்,
இங்கே கலியாணத்துக்கும் கலவரத்துக்கும்
ஒரே நாங்கதான்.

அப்போது யாரோ கேட்டார்கள்
(யாரென்று குறிப்பில் இல்லை,
பிறகு நாலு பேர் தாங்கள்தான் என்றார்கள்):
"இந்த முறை கடைசியில இருந்து தொடங்கினா?"

எல்லாரும் ஆதம்பாவா காக்காவைப் பார்த்தார்கள்.
துருசடியில் பன்னிரண்டு ஏக்கர்.
அவருடைய வாப்பா காலத்திலிருந்து
முதல் தண்ணீர் அங்கேதான்.
தொப்பியைக் கழற்றி மடித்தார்,
விரித்து மறுபடி போட்டார்.
"ஒரு போகம். ஒண்டே ஒண்டு.
மறுகா பாப்பம்."
சந்தோசமாகச் சொல்லவில்லை.
சந்தோசமில்லாமல் சொன்னேன் என்றும்
எழுதச் சொன்னார். எழுதினேன்.

உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"வசனம் இன்னும் வரல்லியே."

இங்கினியாகலையில் கதவு திறந்த
மூன்றாம் இரவே
யாரோ நடுவில் வாய்க்காலை வெட்டியிருந்தான்.
ரோச் லைட்டோடு போனோம்.
மண்வெட்டியோடு நின்றது தெய்வேந்திரா.
தண்டம் ஐயாயிரம்.
அரைவாசி தந்தான், மிச்சம் இன்னும் வரவில்லை.
வெட்டிய இடத்தை
அவனே மண் போட்டு மூடினான்.
நாங்கள் வெளிச்சம் பிடித்தோம்.

ஐந்தாம் நாள் விடியப்புறம்
கோமளேஸ்வரி போன் எடுத்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்திருந்தாள்.

ஆலை இல்லை. மெசின் இல்லை.
யானை வந்து போகிறது.
வாற சிறுபோகத்துக்கு
ஆதம்பாவா காக்கா என்ன சொல்வாரோ
எனக்குத் தெரியாது.

தாளை யாரும் கழற்றவில்லை.
மாரியில் கறையான் ஏறி
கடைசி எழுத்தைத் தின்றுவிட்டது.
இப்போது அது
வாய்க்கால் கரையில் பேசுகிற மாதிரியே
நாங்க
என்று நிற்கிறது.
மிச்சமெல்லாம் வெள்ளை.