வாளி எண் 318

மழை வந்தால் ஸ்லீன் நகரத்தில்
முதலில் நனைவது இந்த வரவேற்பறைதான்.
தட்டைக் கூரை. வரைந்தவர்
தண்ணீருக்கு வழி வரைய மறந்துவிட்டார்.
அந்த மறதியையும் அப்படியே காக்கச் சொல்கிறது
பாரம்பரியத் துறை.
இரண்டு சென்டிமீட்டர் சரிவுக்கு
நான்கு வருடமாய் மனு.

துணியுறை மாட்டிய கால்களோடு
வழுக்கி வழுக்கிப் பார்க்கிறார்கள்
வளைந்த எஃகு நாற்காலியை, வால்நட் சுவரை,
கூடுதல் நேரம்
சொட்டு வாங்கும் நீல எனாமல் வாளியை.

போன கோடையில் கணக்கெடுக்க வந்த பையன்
அதற்கும் ஒட்டிவிட்டான் ஒரு பித்தளை வில்லை.
இனி நகர்த்த
இரண்டு கையெழுத்து, வெள்ளைக் கையுறை.

ஒழுக்கு ஒரு முழம் தள்ளிப்போன அன்று
ஸ்லாவ்கா எதுவும் பேசவில்லை.
டிக்கெட் மேசையைப் பூட்டிவிட்டுப் போய்
சிவப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தாள்.
ரசீதை மட்டும்
பத்திரமாகக் கிழித்துப் போட்டாள்.