பதினான்காவது முனை

பட்டர்வொர்த், ராஜா ஊடா சாலை,
டயர் கடைக்கு மேல்மாடி.
ஆகாயப்படை முகாமுக்கு நாற்பது கொடி,
வெள்ளிக்கிழமைக்குள்.

வெளிர்நீலத் துணி. கம்பத்துப் பக்கம் மேல்மூலையில் நாட்டின் கொடி.
பறக்கும் பக்கம் கருநீல வட்டம்,
வட்டத்துக்குள் மஞ்சள் நட்சத்திரம்.

முதல் கொடியைச் சன்னலில் தூக்கிப் பிடித்தாள் ரொஹாயா.
துணியைக் காணோம்.
வானத்தில் ஒரு துண்டு வெட்டி
வானத்திலேயே ஒட்டினால் வேறென்ன ஆகும்?
வட்டம் மட்டும் மிதந்தது, இமைக்காத கண்போல.
"வரைந்தவன் கெட்டிக்காரன்" என்றேன்.
"சோம்பேறி" என்றாள் மெய் யோக்,
பல்லிடுக்கில் ஊசி.

எண்ணுவது என் வேலை.
பதினொன்றாவது கொடியில் பதின்மூன்று முனை.
விரல் வைத்து மறுபடி எண்ணினேன்.
பதின்மூன்றுதான்.
அச்சுத்தாள் மடிந்திருக்கிறது,
ஒரு முனை மடிப்புக்குள் போய்விட்டது.
ஐந்து கொடி அப்படி.

"எந்த மாநிலம் விட்டுப்போச்சு?"
"பெர்லிஸ். ஓரத்தில்தானே இருக்கு, யாருக்குத் தெரியும்."
"ஜொகூரா இருக்கட்டும்.
என் மாமியார் ஊர்."
அந்தச் சிரிப்பின் மேல் ஒரு போர்விமானம் போனது.
சன்னல் நடுங்கி முடிக்கும்வரை
மூவரும் வாய் திறக்கவில்லை.

பதினான்காவது முனை
சிங்கப்பூருக்கென்று வைத்தது.
அறுபத்தைந்தில் சிங்கப்பூர் போனது.
முனை போகவில்லை.
கூட்டரசு என்றார்கள், பிறகு கூட்டரசுப் பிரதேசம்.
ஒன்றை வெட்டினால்
மற்ற பதின்மூன்றும் நகர்ந்து உட்கார வேண்டும்,
கோணம் மொத்தமும் புதிதாய்.
அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்.

சந்திரவதனன் போய் எட்டு வருடம்.
அவனும் சிங்கப்பூர்தான்,
ஊட்லண்ட்ஸில், வேறொருத்தியோடு.
சாப்பாட்டு மேசையில் நான்காவது நாற்காலி
அங்கேயே இருக்கிறது.
இஸ்திரி போடாத துணியை அதில் குவிக்கிறேன்.
பிள்ளைகள் இப்போது
அதைத் துணி நாற்காலி என்கிறார்கள்.

ஐந்து நட்சத்திரத்தையும் பிரித்தேன்.
நூல் வந்துவிட்டது, ஊசித்துளை வரவில்லை.
புது நட்சத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்து
மறைத்தேன் துளைகளை.
அதில் இரண்டு
என்னவோ சாய்ந்த மாதிரிதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பேருந்திலிருந்து பார்த்தேன்.
முகாம் வாசலில் காற்றே இல்லை.
கம்பத்தோடு சுருண்டு கிடந்தது கொடி,
எத்தனை முனை என்று
தளபதியாலும் சொல்ல முடியாது.

பில்லில் மெய் யோக் எழுதியிருந்தாள்:
கொடி நாற்பது.
மஞ்சள் நூல், இரண்டு கண்டு அதிகம்,
என் சம்பளத்தில்.