ஐம்பத்திரண்டு பைட்டு

இரவு பதினொன்றே காலானால் போதும்,
வாசல் கைரேகை எந்திரம் செத்துவிடுகிறது என்றார்கள்.
ஆகஸ்ட். மஹ்பூலாவில் கடலுக்கே வியர்க்கிற மாதம்.
மின்கம்பியை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன்.
தூசி என்று ஃபோர்மேனிடம் சொல்லிப் பார்த்தேன்.
நான்காம் இரவு மடிக்கணினியோடு வாசலிலேயே குந்திவிட்டேன்.

ஷிப்டு பஸ் வந்தது.
முதலில் இறங்கியவர் கிரேன் ஓட்டும் சந்தியாகு.
விரலை வைத்தார், பச்சை.
எந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை காற்றைத் துழாவும்.
துழாவியது. திரை கறுத்தது.
பின்னால் பதினேழு பேர்.
விரல் பதியாதவனுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.

காற்றில் வந்ததை ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் படித்தேன்.
பஸ்ஸில் நாலு பேருக்கு நெட் பகிர்ந்த சூட்டோடு
சந்தியாகுவின் போன் தன் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது:
கடன் கேட்காதீர்கள்.

வைஃபை பெயருக்கு முப்பத்திரண்டு பைட்டுதான் இடம்.
தமிழில் க ஒன்றே மூன்று. புள்ளி வைத்தால் ஆறு.
மலிவு போன் அளக்காமல் அனுப்பியது.
இயங்குதளம் எழுதியவரோ
நீ எவ்வளவு நீளம் என்று வந்ததையே கேட்டு
சொன்னதை நம்பி அப்படியே கொட்டிவிட்டார்.
'கடன் கேட்கா' வரை அறைக்குள்.
'தீ' சுவர்மேல். த-வில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே,
மீதி இருபது பைட்டும் பக்கத்து அறையில்,
அடுத்து எங்கே போக வேண்டும் என்று
எந்திரம் குறித்து வைத்திருந்த விலாசத்தின் மேல்.
'ர்கள்' என்ற ஊரைத் தேடிப் போய் விழுந்திருக்கிறது.

அந்தப் புழுக்கத்திலும் எனக்குக் குளிர்ந்தது.
இது வெறும் பெயர்.
விவரம் தெரிந்த ஒருவன் சாலைக்கு அப்பால்
காரில் இருந்தபடி அதே இருபதில் வேறெதையாவது எழுதினால்
எந்திரம் சாகாது.
சொன்னபடி கேட்கும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். நன்றி என்றார்கள்.
திருத்தம் வர ஒன்பது வாரம்,
அதுவரை வெளியே மூச்சு விடாதே என்றார்கள்.
காரணம் சொல்லாமல் ஒருவரைப் பெயர் மாற்றச் சொல்வது எப்படி?
சந்தியாகு முறைத்தார்:
"சம்பளம் வெட்டுப்பட்டவனெல்லாம் எங்கிட்டதான் வந்து நிக்கிறான்.
இப்பப் போயி இந்தப் பேர எடுக்கச் சொல்றியே?"

எடுத்தார். இங்கிலீஷில் நோ லோன். ஏழு பைட்டு.
அன்றைக்குப் பதினேழு விரலும் பதிந்தன.

அக்டோபரில் திருத்தம் வந்தது. ஒரே வரி:
முப்பத்திரண்டைத் தாண்டினால் வெட்டு.
பழைய பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டார்.
இப்போது என் திரையில்
கடன் கேட்கா
அதன் பக்கத்தில், உடைந்த எழுத்துக்கு, ஒரு கறுப்புக் கட்டம்.

நேற்று நானே அவரிடம் பத்து தினார் வாங்கினேன்.