இரண்டாம் தட்டு

மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
"கெதியாய் எழும்பி நடந்தால் கெதியாய் மாறும்" என்றார் டொக்டர்.
எழுபத்திரண்டு வயதில் கெதி என்றால் எவ்வளவு,
அதை ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை.
கடதாசிக்கட்டும் குளிசைப் பெட்டியும் என் கையில்.
தவமலரின் வலது கை நீலப் பட்டியில்,
யாரோ பத்திரமாய் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த பொருள்போல்.

பத்தொன்பது வருசம் பிறர் வீட்டு ஜன்னல் துடைத்த தோள்.
எலும்பு எலும்போடு உரசத் தொடங்கியதும்
வெட்டியெடுத்து உலோகம் வைத்திருக்கிறார்கள்.
"இனி எயார்போர்ட்டில் கத்தப் போகுது" என்றாள்,
எங்கேயோ போகப் போகிறவள்போல.

தூனில் மார்ச். வெளியே
மலை இருக்கிறதா இல்லையா என்று மூடுபனி சொல்லவில்லை.
அவள் சாய்கதிரையில் இருந்தபடியே நித்திரை,
நான் பக்கத்தில் சோபாவில்.
கட்டில் இரண்டு பேரும் இல்லாமல் தனியே கிடந்தது.
இரண்டரைக்கு நோவு எழுப்பும்.
உறைபட்டாணிப் பையைத் துவாயில் சுற்றித் தோளில் வைப்பேன்.
பட்டாணி இளகும்வரை
பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக் கதைப்போம்.

நாற்பத்தாறு வருசக் கலியாணம்.
சட்டைக் கொளுக்கி எந்தப் பக்கம் கொளுவுகிறதென்று
இப்போதுதான் பழகுகிறேன்.
பின்னத் தெரியாது. ரப்பர் வளையம் போட்டு ஒரு குதிரைவால்.
கண்ணாடியைப் பார்த்து
"பள்ளிக்கூடம் அனுப்பப் போறியளோ" என்றாள்.
சிரிக்கத் தோள் நொந்தது. நொந்ததற்கு என்னை ஏசினாள்.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோ, திருமதி எஷ்லிமான்.
முன்னுக்குக் குனிந்து கையைத் தொங்கவிட வேணும்.
கை தானாக ஆடக்கூடாது,
இடுப்பு ஆடினால் கை ஆடும்.
வீட்டில் எண்ணுவது என் வேலை.
ஹோட்டல் அடுக்களையில் ஆயிரம் ஆயிரமாய்க் கோப்பை எண்ணியவன்,
அவள் முகம் சுருங்கினால்
இருபதைப் பதினேழில் முடித்துவிடுவேன்.
எஷ்லிமான் கண்டுபிடித்துவிட்டார்.
"ஹெர் இளையதம்பி, நீங்கள் இப்படி இரங்கினால்
தோள் இறுகிப்போகும்."
அன்றிலிருந்து தவமலரே எண்ணினாள்,
எனக்குக் கேட்கும்படி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆறாம் கிழமை பட்டி கழன்றது.
விரல்கள் அடுக்களைச் சுவரில் ஏறத் தொடங்கின.
நடுவிரல் நின்ற இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் திகதி.
வீடு விடும்போது சுவருக்குக் காசு கேட்பான் வீட்டுக்காரன்.
கேட்கட்டும்.
ஒரு வியாழன் கோடு முதல்நாள் கோட்டுக்குக் கீழே போனது.
அதையும் கீறச் சொன்னாள்.
கீறினேன், மெல்லிசாக.

ஒன்பதாம் கிழமை ஞாயிறு. நான் வைத்த பருப்பு.
ஒரு வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.
எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து
இரண்டாம் தட்டிலிருந்து உப்புப் போத்தலை எடுத்தாள்,
வலது கையால்.

நான் மூச்சு விடவில்லை.
சொன்னால் கைக்கு ஞாபகம் வந்து பாதியில் நின்றுவிடும்.
உப்பைப் போட்டாள், கிளறினாள், நக்கிப் பார்த்தாள்.
"மஞ்சளும் காணாது."

மஞ்சள் மூன்றாம் தட்டில்.
நான் எழும்பவில்லை.