ஏழடி இரண்டங்குலம்

தண்டம் ஆயிரத்தைந்நூறு என்று
வைப்பருக்குக் கீழே செருகியிருந்தது துண்டு.
குற்றம்: வலப்பக்கப் பின்சில்லு
வெள்ளைக் கோட்டுக்கு மேல்.
கையெழுத்தில்லை. றப்பர் முத்திரை மட்டும்,
அதுவும் தலைகீழாய்.

ஆஸ்பத்திரி றோட்டுக்குப் பின்னால்
முந்தி மரக்காலையாயிருந்த வளவு.
கல்லுத்தூள் பரப்பி, தகரத்தில் எழுதியிருக்கிறது:
தனியார் வாகனத் தரிப்பிடம்,
மணிக்கு நூறு, வாகனமொன்றுக்கு எட்டடி,
கோடு தாண்டினால் தண்டம்.
கண் கிளினிக்கில் மனிசனை இருத்தி,
மருந்துக்கு அவர் கண்மணி விரியும் இடைவெளியில்
ஓடி வந்து பார்க்கிறேன்,
என் மாருதியின் முன்சில்லில் மஞ்சள் பூட்டு.

இடப்பக்கம் நின்ற ஹையேஸ் வான்
என் கட்டத்துக்குள் முழங்கை நீட்டியிருந்ததைச் சொன்னேன்.
"நான் என்னக்கா செய்யிறது,
கோட்டைப் பாருங்கோ" என்றான் காவலுக்கு நின்ற பெடியன்.
சட்டையில் குத்தியிருந்த பெயர்
பாதி வெயிலில் வெளிறி, துவா என்றளவில் நின்றது.

கோட்டைப் பார்த்தேன்.
இருபத்தாறு வருசமாய்
கோட்டைப் பார்த்துத்தான் நான் சோறு தின்கிறேன்,
அது அவனுக்குத் தெரியாது.
சங்கிலி பிடித்து, பேந்து நாடா பிடித்து,
இப்ப செய்மதி பிடித்து
தீவகத்திலிருந்து வலிகாமம் வரைக்கும்
காணி அளக்கிறவள்.
கறையான் தின்று விழுந்த கதியாலை
நாலு விரற்கடை அங்கால தள்ளி நட்டு,
அடுத்த மாரிக்கு இன்னும் நாலு தள்ளி,
ஒரு குழி நிலத்தை மெல்ல நடக்கவைத்த
கெட்டிக்காரரின் முற்றங்களில்
பழைய உறுதியை விரித்தவள்.

டிக்கியைத் திறந்தேன்.
"பிடி தம்பி, மற்ற நுனியை."
பிடித்தான், ஏனென்று கேட்காமல்.
ஏழடி இரண்டங்குலம்.
பக்கத்துக் கட்டம் ஏழடி ஒன்று.
மதிலோரம் ஆறே முக்கால்,
அதில் ஓட்டோ நிற்கலாம்,
அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு.

குனிந்தால்,
புதுக் கோட்டுக்கு அருகே
சுரண்டிய பழங்கோட்டின் எலும்பு.
அதற்கங்கால் இன்னொன்று, இன்னும் மெலிதாய்.
வேலியை அரக்கினால் நாய் குரைக்கும்.
பெயின்ரை அரக்கினால் ஒன்றுமில்லை.

காசைக் கட்டித்தான் காரை எடுத்தேன்.
பற்றுச்சீட்டின் முதுகில் எழுதினேன்: ஆட்சேபத்தோடு.

முதற் கடிதத்துக்குப் பதிலில்லை.
இரண்டாவதுக்கு அருளம்பலம் முதலாளி
தொலைபேசியில் வந்தார்:
"ஆயிரத்தைந்நூறுக்கோ இவ்வளவு பாடு?
உங்கட படிப்புக்கு உது வடிவில்லை, பிள்ளை."
கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்த மனிசனும்
அவர் பக்கம்தான்:
"விட்டுத்தள்ளும். அந்தக் காசுக்கு நேற்றே
பாரை மீன் வாங்கித் தின்றாச்செண்டு நினையும்."

மூன்றாவதோடு வரைபடம் வைத்தேன்.
வடக்குக்கு அம்புக்குறி,
அளவுத்திட்டம் ஒன்றுக்கு நூறு,
மூன்று கோடுகளும் மூன்று நிறத்தில்,
குற்றஞ்சாட்டப்பட்ட சில்லு
சிவப்பில், மிளகளவு.
கீழே என் முத்திரை, நேராக.
பிரதி: மாநகரசபை.

ஒன்பதாம் நாள் படலையில் சைக்கிள் மணி.
கடித உறையில் மூன்று ஐந்நூறு,
ஒன்று நடுவில் கிழிந்து ஒட்டியது.
வென்றுவிட்டேன் என்று மனிசனைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"எண்ணிப் பாருங்கோ அக்கா" என்றான் பெடியன்.
"என்ர சம்பளத்தில கழிச்சது.
நாடா பிடிச்சனெல்லோ, அதுக்காம்."

திருப்பி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.
வாங்கினால் பிச்சை மாதிரியிருக்கும் என்றான்.
தேத்தண்ணி வேண்டாம் என்றான்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
அந்த ஒட்டிய நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே போய் தாளும் பேனையும் எடுத்து வந்தேன்.
நாலாவது கடிதம்.
இந்த முறை முறைப்பாட்டுக்காரர் நானில்லை.
"முழுப்பெயரைச் சொல்லு" என்றேன்.

துவாரகேசன், சபாநாதன் துவாரகேசன் என்றான்.
ஒரு வரி முழுக்க எடுத்தது.